பொன் தோண்டிய ஊர்கள் வழியே

மெல்போர்னுக்கு வந்து சேரும் நம் ஆட்களில் பலர் முதலில் குடியேறுவது டார்னீட், விண்டம் வேல் போன்ற மேற்குப் புறநகர்களில்தான். எங்கள் வீடும் அங்கேதான். புதுத் தெரு, புது வீடு, இன்னும் தோளுயரம்கூட வளராத மரங்கள். கறிவேப்பிலை கிடைக்கும், தோசை மாவு கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை பேசிச் சிரிக்க நாலு தமிழ்க் குடும்பங்களும் கிடைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் எவ்வளவு தூரம் நடந்தாலும் பழையது என்று ஒன்று கண்ணில் படாது. மெடிகேர் அட்டை, வரி எண், குழந்தைக்குப் பள்ளி எல்லாம் ஒழுங்கான பிறகும் இந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கு முன்னால் இங்கே யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், அவர்களை இந்த மண் எப்படி வரவேற்றது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அப்படித்தான் ஏப்ரல் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு விக்டோரியாவின் பொன்வயல் ஊர்களுக்குக் கிளம்பினோம்.

வாடகை வேன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். நானும் கணவரும், நாங்கள் கோலார் அண்ணன் என்று கூப்பிடுகிறவரும் அண்ணியும், யாழ்ப்பாணத்திலிருந்து பல வருடங்களுக்கு முன் படகில் வந்த தம்பி ஒருவர். அண்ணி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தார். தம்பி முதல் நாள் இரவே உட்கார்ந்து மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்து வந்திருந்தார். அவை பல்லாரட் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துபோயின.

பல்லாரட், மெல்போர்னிலிருந்து 115 கிலோமீட்டர் தூரம். ஏப்ரலிலேயே காற்று குத்துகிறது. வெண்டூரி ஏரிக்கரையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்தது இந்த ஏரியில்தான். அங்கிருந்து நேராக, பொன் தோண்டியவர்கள் 1854இல் நடத்திய யுரேகா கிளர்ச்சியின் கதையைச் சொல்லும் யுரேகா மையத்துக்குப் போனோம்.

1851இல் விக்டோரியாவில் பொன் கிடைத்த செய்தி பரவியதும் உலகமே கப்பலேறி வந்திருக்கிறது. அந்த வருடம் சுமார் 77,000 பேர் இருந்த காலனியில் 1861இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். வந்தவர்கள் மண்ணைத் தோண்ட உரிமச் சீட்டு வாங்க வேண்டும். தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங். பொன் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். சீட்டை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். போலீஸ் திடீரென்று வளைத்துக் கேட்கும்போது காட்ட முடியாதவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வாக்குரிமை கிடையாது. பொறுக்க முடியாமல் 1854இல் தோண்டுகிறவர்கள் சீட்டுகளைத் தீயில் போட்டார்கள், மரக்கட்டைகளால் அரண் கட்டினார்கள். டிசம்பர் 3ஆம் தேதி, ஞாயிறு விடியற்காலையில் ராணுவமும் போலீசும் தாக்கின. அரை மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் தோண்டுகிறவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய அயர்லாந்துக்காரர் பீட்டர் லாலர் ஒரு கையை இழந்தார். ஆனால் ராஜதுரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் மெல்போர்ன் ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். மாதச் சீட்டு ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும், வாக்கும் உண்டு என்றானது. லாலர் சட்டமன்றம் போய்ப் பின்னாளில் அதன் சபாநாயகராகவே ஆனார்.

அவர்கள் ஏற்றிய தென்சிலுவைக் கொடி அங்கே மங்கலான வெளிச்சத்தில் இருக்கிறது. நீலத் துணி, வெள்ளைச் சிலுவை, நட்சத்திரங்கள். நினைவுக்கென்று பலர் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போனதில் ஒரு பக்கமே காணோம்.

தம்பி கொடியைவிட உரிமச் சீட்டின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். "கொழும்பில அடையாள அட்டை இல்லாம றோட்டில இறங்க ஏலாது அக்கா. இவையளும் இதைப் பொக்கற்றில வச்சுக்கொண்டுதான் திரிஞ்சிருக்கினம்" என்றார். காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக விசாவில்தான் அவர் இன்னும் இருக்கிறார். வரி கட்டுகிறார், கட்டட வேலையில் முதுகு ஒடிய உழைக்கிறார், வாக்கு கிடையாது. நான் வேலை விசாவில் விமானத்தில் வந்து இறங்கியவள். ஒரே ஊரில் இருக்கிறோம், ஒரே மொழி பேசுகிறோம், ஆனாலும் நாங்கள் நுழைந்த வாசல்கள் வேறு. அது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது.

வடக்கே க்ளூன்ஸ். 1851 ஜூலையில் பொன் கிடைத்ததாக முதலில் அறிவிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. இப்போது பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. 2007 முதல் வருடந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஃப்ரேசர் தெரு அகலமானது, இரண்டு பக்கமும் மரத்தூண் வைத்த தாழ்வாரங்கள். பார்க்க அவ்வளவு அமைதியான இந்த ஊரில்தான் 1873 டிசம்பரில் பெரிய கலவரம் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சீனத் தொழிலாளர்களைக் குதிரை வண்டிகளில் அழைத்து வந்தது. ஊரே திரண்டு கல்லெறிந்து அந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பியது. கூலிக்காரர்களின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் கல்லடி வாங்கியவர்களும் கூலிக்காரர்கள்தானே. இந்தக் கதையை ஊர் மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

மால்டனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன். 1966இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஆஸ்திரேலியாவிலேயே முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க ஊர் என்று முழு ஊரையும் அறிவித்துக் காப்பாற்றியது. அழகுக்காக மட்டும் போவதென்றால் இங்கேதான் போக வேண்டும்.

இரவு காசில்மெயினில் தங்கினோம். காலையில் பக்கத்திலிருக்கும் சியூட்டனில் கார்ஃபீல்ட் சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தோம். 1887இல், தங்கப் பாறையை நொறுக்கும் இயந்திரத்தை ஓட்ட 22 மீட்டர் விட்டமுள்ள நீர்ச்சக்கரம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அதைத் தாங்கிய கல் தூண்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. சுற்றிலும் மெலிந்த மரங்கள், மேல்மண் இல்லாத தரை, எங்கு பார்த்தாலும் குழியும் கல்மேடும். பெருமரங்களைச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் கொதிகலனில் எரிக்கவும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இந்த மண்ணுக்கு உரியவர்களான ஜா ஜா வுர்ரங் மக்கள் இதைத் தலைகீழாய்ப் புரட்டப்பட்ட நிலம் என்று சொல்கிறார்கள். பொன்வேட்டையைப் பற்றி எங்கே படித்தாலும் வந்தவர்களின் துணிச்சல்தான் முதலில் வருகிறது. வந்தவர்கள் யாருடைய நிலத்தைத் தோண்டினார்கள் என்பதுதான் முதலில் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஜா ஜா வுர்ரங் மக்களுடைய உரிமையை ஏற்று விக்டோரியா அரசு ஒப்பந்தம் செய்தது 2013இல்தான். நாமும் வந்தவர்கள்தான், அதனால் இதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் பெண்டிகோ. உண்மையைச் சொன்னால் இந்தப் பயணமே கோலார் அண்ணனுக்காகத்தான். அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். தாத்தாவும் அப்பாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்கள். தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அண்ணன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது, ஊரில் பாதிப் பேரைப் போல விடியற்காலை ரயிலேறி வேலைக்கு பெங்களூர் போய்வரத் தொடங்கியவர். இங்கே வந்த பிறகும் பெண்டிகோவுக்கு மட்டும் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

சென்ட்ரல் டெபோரா சுரங்கம் 1939 முதல் 1954 வரை ஓடியது. மொத்த ஆழம் 412 மீட்டர். எங்களைக் கூண்டில் 61 மீட்டர் வரை இறக்கினார்கள். தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் நின்றபோது அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே ஈரக்கல் வாசனை. வழிகாட்டியாக வந்த பெரியவர், பழைய காற்றழுத்தத் துளைப்பானைச் சில நொடிகள் ஓட்டிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் எலும்பே அதிர்ந்தது. ஆரம்ப காலத் துளைப்பான்களில் தண்ணீர் தெளிக்கும் வசதி இல்லை. பாறைத்தூள் நேராக நுரையீரலுக்குப் போனது. பெண்டிகோவில் எத்தனையோ ஆண்கள் நடுவயதிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்று பெரியவர் சொன்னார். "எங்கப்பாவும் அப்படித்தான் போனார்" என்றார் அண்ணன். பெரியவர் நின்றுவிட்டார். எந்தச் சுரங்கம், எவ்வளவு ஆழம் என்று விசாரித்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கூட வந்த எல்லோரிடமும் அதைச் சத்தமாகத் திரும்பச் சொன்னார்.

மேலே வந்த பிறகும் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள் பெண்டிகோவுக்கும் வந்திருக்கிறார்கள், கோலாருக்கும் போயிருக்கிறார்கள். 1880 முதல் கோலாரை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அவர்களைத்தான் மேற்பார்வைக்கு அமர்த்தியது. அதே கைப்பழக்கம், அதே கூண்டு, சுரங்க வாய்மேல் நிற்கும் அதே மாதிரி இரும்புக் கோபுரம்.

மதியம் பால் மால் தெருவில் நடந்தோம். 1897இல் கட்டிய ஷாம்ராக் ஹோட்டல், நீரூற்று, அரண்மனை போன்ற தபால் அலுவலகக் கட்டடம். அண்ணன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க எடுத்த பொன்னுல கொஞ்சமாவது இந்த ஊர்லயே நின்னிருக்கும்மா. எங்க ஊர்ல சயனைடு மேடுதான் நின்னுது." பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு கலந்த கழிவு மண்தான் அந்த மேடு. கோலாரில் நூற்றிருபது வருடம் தோண்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு பங்களாவும் கிளப்பும் இருந்தன. பூமிக்குள் இறங்கிய தமிழர்களுக்கு ஒற்றை அறைக் குடிசை வரிசைகள். லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. பால் மாலின் அழகு எனக்கும் பிடித்தது, ஆனால் அண்ணனின் கோபத்தில் இருக்கிற நியாயத்தோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க முடிந்தது.

கடைசியாகப் பார்த்தது, பெண்டிகோ சீனர்களின் வரலாற்றைச் சொல்லும் கோல்டன் டிராகன் அருங்காட்சியகம். 1855இல் விக்டோரியா, கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்து பவுண்டு வரி போட்டது. அதைக் கட்ட வழியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே பொன்வயல்களுக்கு வந்தார்கள். அப்படி விரட்டப் பார்த்தார்களே, அந்தச் சீன மக்கள்தான் 1870களிலிருந்து பெண்டிகோ ஈஸ்டர் விழாவில் ஊர் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஊர்வலம் போனார்கள். 1901இல் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடாக இணைந்த கூட்டாட்சிக் கொண்டாட்டத்தில் வலம்வந்த லூங் என்ற பட்டு டிராகன் இன்றும் அங்கே இருக்கிறது. அதன் வாரிசான சன் லூங்கும், 2019இல் வந்த, நூறு மீட்டருக்கும் நீளமான தாய் கம் லூங்கும் கூடவே இருக்கின்றன. தம்பி, சீனர்கள் ரோப்பிலிருந்து நடந்து வந்த வழியின் வரைபடத்தைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

கார் இல்லாதவர்களும் இந்த ஊர்களுக்குப் போகலாம். மெல்போர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து பல்லாரட்டுக்கும் காசில்மெயின், பெண்டிகோவுக்கும் நேரடி ரயில் உண்டு. 2023 முதல் மெல்போர்ன் நகருக்குள் போய்வரும் ஒரு நாள் கட்டணம் எவ்வளவோ அதுதான் இந்த ரயில்களுக்கும் உச்சவரம்பு. க்ளூன்ஸுக்கும் மால்டனுக்கும் மட்டும் வண்டி இருந்தால் நல்லது.

அடுத்த முறை ரோப்பிலிருந்து தொடங்குகிறோம். சீனர்கள் நடந்த வழியை ஒட்டியே வண்டியில் அராரட் வரை வருவது என்று தம்பி திட்டம் போட்டிருக்கிறார். 1857இல் அந்த வழியில் இளைப்பாற உட்கார்ந்த சீனர் கூட்டம் பொன்னைக் கண்டுபிடித்துத்தான் அராரட் என்ற ஊரே உருவானது. வேனில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.