கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

பின்னங்கழுத்தில் கறுப்பு ஏறியதை வீட்டில்தான் முதலில் பார்த்தார்கள். "ஒழுங்காத் தேய்ச்சுக் குளிச்சா ஏன் இப்படி இருக்கப் போகுது" என்று அம்மா பீர்க்கங்காய் நாரை எடுத்துக் கொடுத்தாள். கடலை மாவு, தயிர், அப்புறம் பாதி எலுமிச்சம்பழத்தைச் சர்க்கரையில் தொட்டு (ஆமாம், சர்க்கரையில்தான்) ஒரு மாதம் தேய்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

அடுத்த வருஷம் தொடை இடுக்கில் அரிப்பு. வெட்கத்தில் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். நாலு நாளில் அடங்கும், நிறுத்தினால் வளையம் இன்னும் பெரிதாகக் கிளம்பும். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அரிப்பை அமுக்கிவிட்டு, பூஞ்சையை அதுபாட்டுக்கு வளரவிடும் சமாச்சாரம் அது, தோலையும் மெலிய வைத்துவிடும்.

கடைசியில் போய்க் காட்டினால் டாக்டர் இடுக்கைப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தைப் பார்த்தார். "சுகர் பார்த்திருக்கீங்களா?" வெறும் வயிற்றில் 212, மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 9.4 சதவீதம்.

உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும்போது கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளுகிறது, அந்த உபரி இன்சுலின் தோல் செல்களைப் பெருக வைக்கிறது, அதனால்தான் கழுத்தும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடித்துப் போகின்றன, பக்கத்திலேயே குட்டிக் குட்டியாகப் பாலுண்ணி வேறு. சுகர் ஏறுவதற்குச் சில வருஷம் முன்பே இது வரலாம். கழுத்து கறுத்தவர்களுக்கெல்லாம் சுகர் என்று சொல்லவில்லை, ஆனால் நாருக்கு முன்னால் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருக்கலாம்.

என்னைவிட அப்பா கதைதான் பயம். பதினைந்து வருஷ சுகர். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் காசு காசாகப் பழுப்புத் தழும்பு, அது ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம். பாதம்தான் வேறு விஷயம். போன மே மாதம் உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் எல்லோரும் குதித்துக் குதித்து ஓட, அவர் மட்டும் நிதானமாகப் பிரதட்சிணம் வந்தார். சாயங்காலம் மொசைக் தரையில் ஈரத் தடம் பார்த்து அம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. சுகரில் பாதம் மரத்துப் போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. ஆற ஏழு வாரம்.

இப்போது ராத்திரி இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணாடி வைத்து அடிப்பாதம் பார்க்கிறோம். குதிகால் வெடிப்புக்கு வாசலின், விரல் இடுக்கில் மட்டும் எதுவும் தடவாமல் துணியால் ஒற்றி உலர்த்துவது. எனக்கு எட்டு கிலோ குறைந்து, கழுத்தும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எல்லாம் அந்தக் கடலை மாவு வேலை என்கிறாள் அம்மா.