அடி இறங்கியதும் வளையம் போட்டதும்

மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 48 வயதில் ஒருநாள் துணி மூட்டையைத் தூக்கி நிமிர்ந்தபோது, கீழே எதையோ இடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. குளிக்கும்போது கை வைத்துப் பார்த்தால் உருண்டையாகச் சதை தட்டுப்பட்டது. தும்மினால் ரெண்டு சொட்டு சிறுநீர் போவது அதற்கு முன்பே உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. கர்ப்பப்பை கீழே சரிகிற இதை எங்கள் பக்கம் 'அடி இறங்கிருச்சு' என்பார்கள். அம்மாவிடம் சொன்னதற்கு, "பிள்ளை பெத்தவளுக்கு உள்ளதுதான்டி" என்று முடித்துவிட்டாள்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்தே நிமிடம். "கர்ப்பப்பையை எடுத்துருவோம், அடுத்த வாரம் அட்மிட் ஆகிருங்க." தீபாவளி நெருக்கத்தில் கடையை மூட முடியாது என்று தள்ளிப்போட்டேன். அந்த இடைவெளியில்தான் மதினி என்னை மதுரையில் வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இருமச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் நிலை இறக்கம், மூத்திரப்பையும் சேர்ந்து சரிந்திருக்கிறது என்றார். தாங்கும் தசையையும் திசுவையும் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிறகு உள்ளே மிச்சமிருக்கும் பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையே இறங்கலாமாம். இதை முதல் ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.

பிசியோதெரபிக்கு அனுப்பினார். இடுப்படித் தசைக்கான கெகல் பயிற்சியை ஒரு மாதமாக போனில் பார்த்துச் செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்று தெனாவட்டாகப் போனேன். அந்தப் பெண் கையுறை போட்டு விரலால் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க மேலே இழுக்கலை, கீழே முக்குறீங்க" என்றாள். ஒரு மாதம் வீண். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல் பத்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, பத்து. நாளுக்கு மூன்று தடவை. மிஷினில் உட்கார்ந்தபடியே செய்வேன். தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே இழுத்துப் பிடிக்கவும் பழகிக்கொண்டேன். நாலு மாதத்தில் கசிவு பெரும்பாலும் நின்றது. இறக்கம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

அதற்கு, பிறப்புறுப்புக்குள் வைத்துச் சரிந்ததைத் தாங்கும் சிலிக்கோன் வளையம். மாட்டிவிட்டு நட, படி ஏறு, குத்தவை என்று சோதித்துத்தான் அனுப்பினார்கள். ரெண்டாம் நாள் கக்கூஸில் முக்கியபோது டப்பென்று விழுந்துவிட்டது. அலறிவிட்டேன். அடுத்த பெரிய அளவு நின்றது. நானே கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொள்கிறேன். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய பெரிய வேலை. காலுக்கடியில் முக்காலி வந்துவிட்டது.

ஆபரேஷன் வேண்டியதாகிவிட்டால், சரிந்ததைத் தாங்கச் செயற்கை வலை வைப்பார்களா என்றும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிறப்புறுப்பு வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்காவில் 2019-லேயே நிறுத்திவிட்டார்கள், எனக்கு என் சொந்தத் திசுவிலேயே தைப்போம் என்றார்.

போன வாரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வளையம் எனக்கும் போடுவாங்களாடி?" என்றாள். அவளுக்கு 72 வயது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "நீ கடைசித் தம்பியைத் தூக்கிட்டுத் திரிஞ்சப்பவே" என்றாள். வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன்.