குரோமர் நாட்குறிப்பு: ஹென்றி பிளாக்கின் கடல்

ஜூன் 9

நார்விச்சில் ரயிலேறி குரோமர் வந்து சேர்ந்தேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நண்டுக்குப் பேர்போன சின்ன ஊர். இங்குள்ள ஹென்றி பிளாக் அருங்காட்சியகத்தில் அவர் சுக்கான் பிடித்த எச்.எஃப். பெய்லி என்ற உயிர்காப்புப் படகு நிற்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

பிளாக் நண்டு பிடித்துப் பிழைத்தவர். கோடையில் கடற்கரையில் சாய்வு நாற்காலிகளை வாடகைக்கு விடுவார். 18 வயதில் மீட்புக் குழுவில் சேர்ந்து 53 ஆண்டுகள் இருந்தார். 387 முறை கடலுக்குப் போய் 873 உயிர்களை மீட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது!

ஜூன் 10

ராத்திரி முழுக்க 1917 ஜனவரி 9தான் மனதில். இளைஞர்கள் போருக்குப் போய்விட, பிளாக்கின் அன்றைய படகில் இருந்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எஞ்சின் கிடையாது, 14 துடுப்புகள்தான். காற்று கரையை நோக்கி அடிக்கும்போது துடுப்புப் படகைக் கடலுக்குள் இறக்குவதே பெரும்பாடு. ஊர்க்காரர்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட வேண்டும். அப்படிப் போய், பைரின் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை மீட்டு வந்தார்கள்.

ஓய்ந்து கிடந்தபோது, மரம் ஏற்றிவந்த ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. மறுபடி இறங்கினார்கள். அலை துடுப்புகளை முறித்துப் படகைக் கரைக்கே தள்ளியது. வேறு துடுப்புகளோடு திரும்பப் போனார்கள். கரையிலிருந்து தேடொளி விளக்கு அடிக்க, இருட்டில் 11 பேரை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

873 என்ற எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த 11 பெரிது. அவர்கள் தன்னார்வலர்கள். போதும் என்று அந்தக் கிழவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பிளாக் கூப்பிட்டார், வந்தார்கள். அவருக்கு முதல் தங்கப் பதக்கம் அதற்குத்தான்.

ஜூன் 13

1954இல் இதே நாளில் பிளாக் காலமானார். 1941 ஆகஸ்டில் ஹேஸ்பரோ மணல்திட்டில் ஆறு கப்பல்கள் தரைதட்டியபோது அவருக்கு வயது 65. மூழ்கிக் கிடந்த கப்பலின் தளத்தின்மேலேயே படகை ஏற்றி ஆட்களை வாங்கிக்கொண்டார். அது மூன்றாவது தங்கம். 71 வயதில்தான் ஓய்வு.

மாலையில் கடல் பாலத்தின் கோடியிலுள்ள இப்போதைய படகுக்கூடத்துக்குப் போனேன். 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற இந்த உயிர்காப்புப் படகு அமைப்பு இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. அங்கிருந்த உண்டியலில் என்னால் ஆனதைப் போட்டேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் நீங்களும் போடுங்கள்.