டைகரும் சீன ஊசியும்

எங்க நாய் டைகர் டாஷ்ஹண்டுங்க, முதுகுல டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை) நழுவி பின்னங்கால் தள்ளாட ஆரம்பிச்சுது, குரும்பாபேட் வெட்னரி காலேஜ்ல மாத்திரையும் கூண்டு ரெஸ்ட்டும் (கூண்டுல அடைச்சு அசையாம வெக்கறது) சொன்னாங்க, கூடவே அக்குபங்சர் பாக்கலாம்னு லாஸ்பேட்டை அத்தை பிடிவாதம். சீன முறை டாக்டரம்மா மொதல்ல நாக்கு கலர் பாத்தாங்க, அப்புறம் தொடை உள்பக்கம் நாடி (நாய்க்கு அங்கதான் பிடிக்கணுமாம்!). இடுப்பெலும்பு சேர்ற இடத்துல பைஹுவேன்னு ஒரு புள்ளி, அதுல ஊசி போட்டு லேசா கரண்ட் விட்டாங்க, இவன் என்னடான்னா கொறட்டை. நெட்ல எல்லாரும் தூக்கிவெச்சு ஆடற யுன்னான் பய்யாவ்ங்கற சீன மூலிகைப் பொடிய கேட்டேன், அது ரத்தக்கசிவுக்கு, 1902லேந்து இருக்கு, டிஸ்க்குக்கு எதுக்குன்னுட்டாங்க. இப்போ நாலு காலும் ஊனுறான், ஊசியா ரெஸ்ட்டா யாரு கண்டா. ஒண்ணு, பின்னங்கால் விரல நல்லா அழுத்தினா நாய் வலில கத்தணும் இல்ல திரும்பிப் பாக்கணும், கால இழுக்கறது மட்டும் கணக்கில்ல, அந்த வலி உணர்வே இல்லன்னா ஊசி தேடி அலையாம உடனே ஆபரேஷன் டாக்டர்கிட்ட ஓடுங்க.