சீல் இல்லாத கடிதமும் கெட்டுப்போன ஐசோபியூட்டிரில்-கோஏவும்

ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் காட்டு மண்ணிலிருந்து பிரித்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவில் கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் ஃபேப்-எச் நொதி எந்தத் தளப்பொருளை, அதாவது எந்த மூலக்கூறை, வினைக்கு ஏற்கிறது என்று அளப்பதே என் ஆய்வு. அதன் மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஏற்றி நொதியைத் தூய்மைப்படுத்தும் வேலை சிக்கலின்றி முடிந்தது. அடி விழுந்தது தளப்பொருளில்தான்.

ஈ.கோலையின் சொந்த ஃபேப்-எச், கோஏ என்ற தாங்கி மூலக்கூறில் சிறு கார்பன் சங்கிலி ஏறிய அசிட்டைல்-கோஏ போன்றவற்றோடு நின்றுவிடும். பேசில்லஸ் நொதிகளோ கிளைத்த சங்கிலி கொண்ட ஐசோபியூட்டிரில்-கோஏவையும் எடுத்து, அந்தச் சங்கிலியை மலோனில்-ஏசிபி என்ற இன்னொரு மூலக்கூறோடு இணைக்கும். வேறோர் ஆய்வகம் அன்போடு அனுப்பிய ஐசோபியூட்டிரில்-கோஏ கரைசல், உலர்பனி இட்ட தெர்மகோல் பெட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை கோவையிலுள்ள கூரியர் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது. பெருந்துறை, அவிநாசி வழியாகப் பேருந்தில் போய் நின்றால், "காலேஜ் சீல் வெச்ச லெட்டர் இல்லாமக் குடுக்க முடியாதுங்க, திங்கக்கிழமை வாங்க" என்றார் எழுத்தர். உள்ளே இருப்பது வெயிலில் கெட்டுவிடும் என்று எவ்வளவோ மன்றாடியும் அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்திரை வெயில். திங்களன்று பெட்டியைத் திறந்தபோது உலர்பனியில் ஒரு துண்டும் மிச்சமில்லை. குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

தூக்கி எறிய மனம் வராமல் அதையே பயன்படுத்தினேன். வினையில் விடுபடும் கோஏ, டிடிஎன்பி என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து தரும் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டரில் அளப்பது எங்கள் முறை. நொதி சேர்த்த குழாயும் சேர்க்காத குழாயும் ஒரே அளவு மஞ்சளாக நின்றன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பூச்சியம் என்று மூன்று நாள் குறிப்பேட்டில் எழுதினேன். இந்த நொதி கிளைச் சங்கிலியை ஏற்காது என்றே முடிவுகட்டியிருப்பேன்.

தடுத்தது நொதியின் முப்பரிமாண அமைப்புதான். 1999-இல் வெளியான ஈ.கோலை நொதியின் படிக அமைப்போடு ஆல்பாஃபோல்டு என்ற கணினி நிரல் கணித்த எங்கள் நொதியின் மாதிரியை ஒப்பிட்டேன். ஈ.கோலையில் நொதியின் இரண்டு அலகுகளில் இணை அலகிலிருந்து நீளும் 87-ஆம் அமினோ அமிலமான ஃபீனைல்அலனின், தளப்பொருள் அமரும் பையின் அடியை அடைக்கிறது. காசநோய்க் கிருமியில் அவ்விடத்தில் சிறிய திரியோனின் இருக்கிறது, அந்த நொதி நீண்ட சங்கிலிகளை ஏற்கிறது. எங்கள் மாதிரியிலோ கிளைச் சங்கிலிக்குத் தாராளமாக இடம் இருந்தது. அப்படியிருக்க ஏன் பூச்சியம்? நொதியே இல்லாமல் தளப்பொருளை மட்டும் டிடிஎன்பியில் விட்டேன், கண்ணெதிரே மஞ்சளானது. சங்கிலியைக் கோஏவோடு சேர்க்கும் தயோஎஸ்டர் பிணைப்பு உடைந்து, கோஏ ஏற்கனவே பிரிந்து கிடந்திருக்கிறது.

ஆகவே இப்படிக் கோஏவில் சங்கிலி ஏறிய எந்த அசைல்-கோஏ வந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தூய்மைப்படுத்தும்போது நொதியைக் காக்கச் சேர்த்த டிடிடி என்ற வேதிப்பொருளை முழுவதும் நீக்குங்கள், அதுவும் மஞ்சளாக்கும். டிடிஎன்பியை வினையை நிறுத்திய பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் நொதியின் வினைமையத்திலுள்ள 112-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனையே அது பிடித்துக்கொள்ளும். பெட்டியை வார இறுதியில் வரவழைக்காதீர்கள்.

இரண்டாம் குப்பியைச் செவ்வாய்க்கிழமைக்கு வரச்செய்து, சீல் வைத்த கடிதத்தை இரண்டு படிகளாகக் கொண்டுபோனேன். அதே எழுத்தர் ஒரு படியை வாங்கிக்கொண்டு பெட்டியை நீட்டினார். உலர்பனி பாதிக்கு மேல் இருந்தது. மறுநாள் காலை நொதி இல்லாத குழாய் நிறமற்று நிற்க, நொதி சேர்த்த குழாய் மட்டும் மஞ்சளானது. அசிட்டைல்-கோஏ தந்ததைவிட அடர்த்தியான மஞ்சள்.