அம்மாவின் நாடி

மார்ச் 3
ஈசிஜியில் ஒன்றுமில்லையாம். அந்தக் காகிதத்தில் இருப்பது வெறும் 10 விநாடி. மீதி நேரமெல்லாம் அம்மாவின் இதயம் என்ன செய்கிறது?

மார்ச் 4
நாடி பார்த்தேன். சீராக இருந்தது.

மார்ச் 6
தூங்கும்போது கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வேகமாக, ஒரு இடைவெளி, பிறகு ஒன்று ஓங்கி. அப்புறம் எந்த ஒழுங்கும் இல்லை. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இதற்கு ஆகாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். "விடுடி கையை" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 9
ஹோல்டர் மாட்டியாயிற்று, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்னக் கருவி, 24 மணி நேரத்துக்கு. படபடப்பு வந்தால் நேரத்தைக் குறிக்க ஒரு தாளும் கொடுத்தார்கள். இரவாகிவிட்டது. தாளில் ஒரு எழுத்தும் இல்லை.

மார்ச் 12
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய். விட்டு விட்டு வருகிறது. அந்தக் காலித்தாளின் நேரத்தில்தான் அவ்வளவும் நடந்திருக்கிறது.

அப்போது இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350க்கும் மேல் மின்தூண்டல்கள் கிளம்புகின்றன. அதைத் துடிப்பு என்றே சொல்ல முடியாது, நடுக்கம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் வாசல் போல இருக்கும் ஏவி கணு பாதிக்கு மேல் தடுத்துவிட்டு, சிலதை மட்டும் கீழே விடுகிறது. எப்போது விடும் என்பதற்கு முறையே இல்லை. என் விரலுக்குத் தட்டுப்பட்டது அதுதான்.

என்னைத் தூங்கவிடாதது அந்த நடுக்கம் அல்ல. மேலறை சரியாகச் சுருங்காவிட்டால் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை இருக்கிறது, ரத்தக் கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அது பெயர்ந்து மூளைக்குப் போனால்? பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்காம். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்கிறாள். தெரியாததால் ஆபத்து இல்லாமல் போய்விடாது அம்மா.

மார்ச் 13
தைராய்டு கூடினாலும் இது வருமாம். பார்த்தார்கள், சரியாக இருக்கிறது.

மார்ச் 15
அபிக்ஸபான். காலை ஒன்று, இரவு ஒன்று. ஆஸ்பிரின் போதுமே என்று மாமா போனில் சொன்னார். இதற்கு அது போதாது. இந்த மாத்திரை துடிப்பைச் சீராக்காது, கட்டி உருவாகாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதுதானே வேண்டும்! ஒரு வேளை விட்டாலே பாதுகாப்பு குறையும். இதனால் ரத்தம் கசியவும் கூடும்: ஈறில் ரத்தம், கறுத்த மலம், இவற்றையும் கவனிக்க வேண்டும்.

மார்ச் 18
நாடி மறுபடி தாறுமாறு. பக்கவாத அறிகுறி உண்டா என்று பார்க்கச் சிரிக்கச் சொன்னேன், இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், பேச வைத்தேன். முகம் கோணவில்லை. கை இறங்கவில்லை. பேச்சு தெளிவு.

மார்ச் 19
இரவு மாத்திரை போட்டாள்.

மார்ச் 21
குறட்டை உண்டா என்று மருத்துவர் கேட்டார். உண்டு, நிறையவே. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் இந்தத் தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடுமாம். தூக்கப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார். அம்மா மறுக்கிறாள். நாளைக்குப் பேச வேண்டும்.