மினடோங்கா ஏரியில் ஒரு சனிக்கிழமை அந்தி

கோடைக்காலச் சனிக்கிழமையன்று மினடோங்கா ஏரிக்கு மீன் பிடிக்கப் போவது, தீபாவளிக்கு முந்தைய நாள் ரங்கநாதன் தெருவில் நாற்காலி போட்டு நாளிதழ் படிக்கப் போவதற்குச் சமம் என்று என் மைத்துனன் முன்பே எச்சரித்திருந்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸின் புறநகரில் வசிப்பவன் அவன். "வாலாய் (walleye) மீன்தான் வேண்டுமென்றால் வடக்கே இரண்டு மணி நேரம் போய் மில் லாக்ஸ் ஏரியில் பிடிக்கலாம் அத்தான், இங்கே படகுகளுக்கு நடுவே தண்ணீரைத் தேட வேண்டியிருக்கும்" என்றான். எனக்கோ கையில் இருந்தது அந்த ஒரு நாள்தான். ஆகவே 2023 ஜூலையின் நடுப்பகுதியில், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், அவனுடைய பதினாறடி அலுமினியப் படகை இழுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் தூண்டில் இரை விற்கும் கடைக்குப் போனோம். தயிர் டப்பாவைப் போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நீரூற்றி, அதில் இரண்டு டஜன் அட்டைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். குற்றாலத்து மலைக்காட்டில் காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்துவிட்டு வளர்ந்தவன் நான். அதே அட்டைக்கு டாலர் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு வந்த அனுபவம் புதிது. மனித இரத்தத்தை நாடாத, நாடாவைப் போல் நெளிந்து நீந்தும் வகை இது. கோடையில் நீர் சூடேறிய பிறகு சிறு மீன் இரைகள் விரைவில் செத்துவிடுகின்றன. அட்டை முள்ளில் மாட்டிய பிறகும் நெடுநேரம் நெளிந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் ஜூலை மாதத்தில் அதற்கு இத்தனை மதிப்பு. வெளி மாநிலத்தவர்களுக்கான ஒரு நாள் உரிமத்தை அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

மினடோங்கா என்பது ஒரே வட்டமான ஏரியன்று. பல விரிகுடாக்கள் கால்வாய்களாலும் குறுகிய நீர்வழிகளாலும் பிணைக்கப்பட்டு, ஏறத்தாழ 14,500 ஏக்கர் பரப்பில், கை விரித்தது போலக் கிடக்கிறது. 'பெரும் நீர்' என்று பொருள்படும் டகோட்டா மொழிச் சொற்களிலிருந்து பிறந்த பெயர். கரையை ஒட்டிச் செல்வந்தர்களின் மாளிகைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு படகுத்துறை. ஏரியின் கிழக்கு முனையான கிரேஸ் விரிகுடாவில், மின்னஹாஹா ஓடை புறப்படும் அணைக்கு அருகில் உள்ள பொதுத் துறையில்தான் படகை இறக்கினோம். நாங்கள் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள் நின்றன. படகு கடைசியாக எந்த ஏரியில் இருந்தது, அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டி வந்தீர்களா என்று ஓர் இளம்பெண் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. படகில் தேங்கிய நீரோடு ஏரிக்கு ஏரி பரவக்கூடிய, விரல் நகம் அளவே உள்ள ஸீப்ரா மட்டி என்னும் அயல்நாட்டுச் சிப்பி 2010இல் இந்த ஏரியில் கண்டறியப்பட்டது. வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை வடிகட்டுகிறது. கோடிக்கணக்கில் பெருகியபோது ஏரி நீர் தெளிந்துபோனது. குளிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். வாலாய் மீனுக்கோ சங்கடம். ஏனென்றால் அந்த மீனின் வாழ்க்கை முழுவதும் அதன் கண்ணைச் சுற்றியே அமைந்திருக்கிறது. பூனையின் கண்ணில் இருப்பதைப் போன்ற, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று அதன் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் கண்புரை விழுந்தது போன்ற அந்த வெளிறிய பார்வை, அதனால்தான் 'வெளிறிய கண்' என்று பொருள்படும் அந்த ஆங்கிலப் பெயரும். மங்கிய ஒளியில் தன் இரை தன்னைப் பார்ப்பதற்கு முன்பே தான் அதைப் பார்த்துவிடுகிற வசதி அதற்கு வாய்த்திருக்கிறது. பட்டப்பகலில் தெளிந்த நீரில் அந்த வசதி போய்விடுகிறது. ஆகவே பகல் முழுவதும் ஆழத்தில், பாசிக்காட்டின் விளிம்பில் சோம்பிக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு மேட்டுப் பகுதிக்கு ஏறி வருகிறது. மிக ஆழத்துக்கும் போக முடியாது. நடுக்கோடையில் அடிநீரில் பிராணவாயு குறைந்துவிடும்.

பாலத்தின் அடியில் மெதுவாக நகர்ந்து வேசாட்டா விரிகுடாவுக்குள் நுழைந்தபோது மணி நான்கு. அங்கே நான் கண்டதை ஏரி என்பதா, தேரோடும் வீதி என்பதா? இறைச்சி வாட்டும் புகையோடு மிதக்கும் தட்டையான பான்டூன் படகுகள், பலகைச் சறுக்குக்காரர்களை இழுத்துக்கொண்டு முழங்கால் உயர அலை எழுப்பும் படகுகள், இரண்டு மாடி உல்லாசப் படகுகள், இவற்றுக்கு நடுவில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும் ஒரு தாத்தாவும் பேத்தியும். பெரும்பாலான கூட்டம் தெற்கே பிக் ஐலண்ட் தீவின் ஓரத்தில் நங்கூரமிடத்தான் போய்க்கொண்டிருந்தது. 1906இலிருந்து 1911 வரை அந்தத் தீவில் கேளிக்கைப் பூங்கா ஒன்றே இருந்ததாம். கூட்டம் இந்த ஏரிக்குப் புதிதன்று.

மைத்துனன், நீருக்கடியில் ஆழத்தையும் மீன்களையும் காட்டும் ஒலிமானித் திரையைப் பார்த்துப் பார்த்து, பதினெட்டடி ஆழத்தில் பாசி முடியும் விளிம்பில் படகை நிறுத்தினான். முன்முனையிலிருந்த சிறிய மின்மோட்டார் செயற்கைக்கோளின் துணையோடு படகை அதே இடத்தில் பிடித்து வைத்தது. தூண்டில் நரம்பில் நழுவும் ஈயக்குண்டு ஒன்று, அதன் பின் ஆறடி நீளத்துக்கு மெல்லிய நரம்பு, நுனியில் சிறிய முள், முள்ளில் ஓர் அட்டை: இதுதான் இங்கே லிண்டி ரிக் என்று வழங்கும் முறை. குண்டு தரையைத் தொட்டுத் தொட்டு நகர வேண்டும். மீன் கடித்தால் 'டிக்' என்று ஓர் அசைவு மட்டும் விரலில் தெரியும். உடனே இழுக்காமல் நரம்பை விட்டுக் கொடுத்து, அது வாய்க்குள் வாங்கிய பிறகு இழுக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஒவ்வொரு படகு கடந்தபோதும் எங்கள் படகு ஓரடி எழுந்து ஓரடி தாழ்ந்தது. குண்டு தரையை விட்டுத் துள்ளியது. எது அலை, எது மீன் என்று விரலுக்குப் புரியவில்லை. படகுச் சத்தத்தில் மீன்கள் ஓடிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் ஒலிமானியில் அவை நாங்கள் வந்தபோது இருந்த இடத்திலேயே கிடந்தன. கூட்டம் கெடுப்பது மீனையல்ல, பிடிப்பவனின் கையைத்தான் என்பது அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குத் தெளிவாயிற்று. காற்று எழுப்பும் சிற்றலை வாலாய் மீனுக்கு உகந்தது. ஒளியை அது சிதறடிக்கிறது. படகு எழுப்பும் அலையோ ஒரு நேரம் வடக்கிலிருந்தும் மறு நேரம் தெற்கிலிருந்தும் வந்து மோதி, எதற்கும் உதவாமல் போகிறது.

ஐந்தரை மணியளவில் இரண்டு படகுகளின் அலைகள் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. இருக்கையின் மேல் மூடாமல் வைத்திருந்த அட்டை டப்பா கவிழ்ந்தது. மூடாமல் வைத்தவன் நான்தான். தரை விரிப்பின் மேல் இருபது அட்டைகள் நாலாபுறமும் நெளிந்து பரவ, நான் அனிச்சையாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டேன். "கடிக்காது அத்தான், பிடிச்சுப் போடுங்க" என்று அவன் சிரித்தான். ஈரமான ரப்பரைப் போன்ற அவற்றைப் பிடித்தால், ஒரு முனையை விரலிலிருந்து விடுவிப்பதற்குள் மறுமுனை ஒட்டிக்கொள்கிறது. பதினாறு தேறின. மீதி நான்கு என் செருப்புக்கு அடியில் இருக்குமோ என்ற எண்ணம் மாலை முழுவதும் என்னை விடவில்லை.

எட்டு மணிக்கு மேல் ஏரி மெல்லக் காலியாகத் தொடங்கியது. இருட்டிய பிறகு இங்கே வேக வரம்பு பகலில் இருப்பதில் பாதிதான், மணிக்கு 20 மைல். ஆகவே வேகத்துக்காக வந்தவர்கள் வெளிச்சத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் சூரியன் மறைந்தது. நாங்கள் பத்தடி ஆழமுள்ள ஒரு மேட்டுக்கு நகர்ந்து, குண்டைக் கழற்றிவிட்டு, சிறு விளக்கு பொருத்திய தக்கைகளைப் போட்டோம். தக்கையைக் கண்டதும் எனக்குத் தைரியம் வந்தது. சிறுவயதில் சிற்றாற்றில் மயிலிறகுத் தண்டைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலைதான்.

முதல் கடியில் அவசரப்பட்டு இழுத்து முள்ளை வெறுமையாகக் கொண்டுவந்தேன். அடுத்த முறை தக்கையின் சிவப்பு ஒளி நீருக்கடியில் மங்கி, முற்றிலும் மறையும்வரை காத்திருந்தேன். கனமாக, தலையை ஆட்டி ஆட்டிக் கீழ்நோக்கியே இழுத்தது. வலையில் ஏந்தி மின்விளக்கைக் காட்டியபோது அந்தக் கண் பழுக்கக் காய்ச்சிய காசைப் போல் ஒளிர்ந்தது. பொன்னும் பச்சையும் கலந்த உடல், வெள்ளை வயிறு, வாலின் கீழ்நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போன்ற வெள்ளைப் புள்ளி. முதுகுத் துடுப்பின் முட்களும் செவுள் மூடியின் ஓரமும் விரலைக் கிழிக்கும் என்பதால், தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவித்தான் பிடிக்க வேண்டும். பதினேழு அங்குலம். பத்தரை மணிக்குள் மேலும் இரண்டு கிடைத்தன. இருபத்து மூன்று அங்குலம் இருந்த ஒன்றை மைத்துனன் அளந்துவிட்டு நீரிலேயே விட்டுவிட்டான். இருபது அங்குலத்துக்கு மேல் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனாலும் பெரிய மீன் ருசிப்பதில்லை என்பது அவன் கட்சி. மீன்வளத் துறை குஞ்சுகளை விட்டு வளர்த்துவரும் ஏரி இது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

கரையேறியதும் வடிகால் அடைப்பைக் கழற்றினோம். கால்மணி நேரம் நீர் ஒழுகியது. எஞ்சிய அட்டைகளை எடுத்துச் செல்லலாம், ஏரி நீரைத்தான் எடுத்துச் செல்லக் கூடாது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குடிநீரை டப்பாவில் மாற்றி ஊற்றினான். மறுநாள் காலையில் காப்பிக்குப் பால் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். இட்லி மாவுக்கும் உண்மையான தயிருக்கும் நடுவில் அந்த டப்பா இருந்தது. மூடியின் மேல் அவன் மனைவியின் கையெழுத்தில், 'தயிர் அல்ல' என்று தடித்த எழுத்தில் ஒட்டியிருந்தது.